சிறு நீர்மின் நிலையமும் ஆற்று மீனும்: ஆபத்தை அளந்து பார்ப்பது எப்படி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில், மலைப்பக்கம் மினி ஹைட்ரோ வரப்போகிறது என்று செய்தி வந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "டர்பைன்ல மாட்டி மீனெல்லாம் செத்துடுமா?" கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் கடைசியில் கேட்க வேண்டியது. மலை ஆற்றுத் திட்டங்களில் பெரும்பாலும் மீனை முதலில் பாதிப்பது தண்ணீர் எடுக்கப்பட்டு மெலிந்துபோகும் ஆற்றுத் துண்டு. அடுத்தது ஏறும் வழியை மறிக்கும் தடுப்பணை. டர்பைன் அதற்கப்புறம்தான். சமவெளியில் ஆற்றின் குறுக்கே நிற்கும் பெரிய அணைகளில் இந்த வரிசை மாறிவிடும்.

2011ஆம் ஆண்டுப் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டத்துக்குப் பிறகு 30 மெகாவாட் வரையிலான சிறு நீர்மின் திட்டங்களுக்குக் கட்டண ஊக்கம் கிடைத்ததால், பேராக்கின் மலை ஆறுகள் பக்கம் முதலீட்டாளர்களின் பார்வை திரும்பியது. சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கை கைக்குக் கிடைத்தால் அதில் எதைத் தேட வேண்டும், எதை நாமே அளக்கலாம் என்பதற்கான வழிமுறை இது. தூண்டில் சங்கம், குடியிருப்போர் சங்கம், பள்ளி அறிவியல் கழகம் என்று யார் வேண்டுமானாலும் செய்யலாம். வேண்டியவை அளவு நாடா, கைப்பேசி, நோட்டு, வெர்னியர் அளவுகோல், ஒரு கால்குலேட்டர்.

மீன் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்

அறிக்கையில் "37 வகை மீன்கள் காணப்பட்டன" என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். அந்த எண்ணால் பயனில்லை. எந்த மீன், எவ்வளவு நீளம், எந்த மாதம், எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் வேண்டும்.

மேல் ஆற்றில் முதலில் பார்க்க வேண்டியது கெலா என்ற பெரிய கெண்டை வகை மீன். மெதுவாக வளரும், முட்டையிடும் வயதுக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும், ஓடும் நீரில் சரளைக்கற்கள் கிடக்கும் இடத்தைத் தேடிப் போய் முட்டையிடும். கரையோர நேராம் மரத்தின் பழத்தையும் தின்னும். ஆகவே கரை மரங்களை வெட்டி அணுகு சாலை போடுவதும் கெலாவின் கணக்கில் சேரும். அடுத்து தெங்காஸ், செபாராவ் என்ற கெண்டை வகைகள், பாவுங் என்ற கெளுத்தி. கல்லைப் பற்றிக்கொண்டு வாழும் விரல் நீள மீன்களை யாரும் பிடித்துத் தின்பதில்லை என்பதால் பட்டியலில் விட்டுவிடுகிறார்கள். அது தவறு. வேகமான ஆழமற்ற நீரைத் தவிர அவற்றுக்கு வேறு வீடு கிடையாது.

பேராக் ஆற்றில் மேலிருந்து கீழாகத் தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டரோ என்று நான்கு அணைகள் நிற்கின்றன. கடைசியில் இருக்கும் செண்டரோதான் மூத்தது. 1930இலேயே கட்டி முடிக்கப்பட்டது. சுங்கை சிப்புட் வட்டாரத்தின் பிளஸ் ஆறு செண்டரோவுக்குக் கீழே பேராக்கில் கலக்கிறது. கீழ்ப் பேராக்கிலிருந்து மேலேற நினைக்கும் மீனுக்கு அந்த நான்கு சுவர்களும் குறுக்கே வராத கிளை இது. இப்படிப்பட்ட கிளையில் ஒரு தடுப்பணை போடுவதும், ஏற்கெனவே இரண்டு அணைக்கு நடுவே அடைபட்ட கிளையில் போடுவதும் ஒரே ஆபத்து ஆகாது. வரைபடத்தை விரித்து, கீழே முதல் தடை எங்கே என்று குறித்துக்கொண்டுதான் மற்ற வேலை.

தகவல் சேர்க்க மேல் பிளஸ் பகுதியின் தெமியார் பழங்குடிக் கிராமத்தாரிடம் கேளுங்கள். எந்தக் குழியில் எந்த மாதம் பெரிய மீன் சேரும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு இரண்டு நாள் வந்து போகும் ஆய்வுக்குழுவுக்குத் தெரியாது. மதிப்பீட்டுக் குழு ஒரே பருவத்தில் வலை போட்டிருந்தால் அதைக் குறையாக எழுதுங்கள். மேற்குப் பேராக்கில் மழை ஆண்டுக்கு இரண்டு முறை உச்சம் தொடும்: ஏப்ரல், மே ஒன்று, அக்டோபர், நவம்பர் இன்னொன்று. குறைந்தது ஒரு வறண்ட பருவமும் ஒரு மழைப் பருவமும் பார்த்திருக்க வேண்டும். நீங்களே மீன் எடுத்துப் பார்ப்பதென்றால், ஒவ்வொரு இடத்திலும் ஒரே கண்ணி அளவு வீச்சுவலை, ஒரே எண்ணிக்கை வீச்சு, ஒரே நேரம். மின்சாரம், துபா என்ற வேர் நஞ்சு இரண்டும் 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தில் தடை செய்யப்பட்டவை. ஆராய்ச்சிக்கென்றாலும் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது.

பட்டியலிலிருந்து ஐந்தாறு மீனைப் பொறுக்கி எடுங்கள். நீண்ட ஆயுள் உள்ளது ஒன்று, தூரம் நகர்வது ஒன்று, கல்லடி மீன் ஒன்று, சந்தையில் விலை போவது ஒன்று, செலுவாங் மாதிரி வேகமாகப் பெருகுவது ஒன்று. செலுவாங் கூட்டத்தில் பத்தில் மூன்று செத்தாலும் அடுத்த மழையில் ஈடு செய்துவிடும். கெலாவில் வளர்ந்த தாய் மீன்கள் அந்த விகிதத்தில் ஆண்டுதோறும் போனால் குஞ்சு பொரிப்பு ஈடுகட்டாது. ஒரே சாவு விகிதம் இரண்டு மீனுக்கு இரண்டு விதமான ஆபத்து. ஐரோப்பாவில் 2021இல் வெளியான மீன் அபாயக் குறியீடும் இந்த அடிப்படையில்தான் நிற்கிறது: மீனின் தாங்கும் தன்மை ஒரு பக்கம், நிலையம் தரும் தொல்லை மறுபக்கம், இரண்டையும் பொருத்திப் பார்ப்பது. அதன் எண்களை அப்படியே நம் ஆற்றுக்கு எடுத்துவரக் கூடாது, வழிமுறையை எடுத்துக்கொள்ளலாம்.

தடுப்பணைக்கும் மின்நிலையத்துக்கும் இடையில் என்ன மிஞ்சும்

மலைத் திட்டத்தில் தடுப்பணையில் நீரை எடுத்து, குழாயில் இறக்கி, இரண்டு மூன்று கிலோமீட்டர் கீழே உள்ள மின்நிலையத்தில் ஆற்றுக்குத் திருப்பி விடுவார்கள். நடுவில் உள்ள ஆற்றில் விட்டு வைக்கும் நீர்தான் அங்குள்ள மீனின் விதி.

அறிக்கையில் மூன்று எண்களைத் தேடுங்கள்: ஆண்டுச் சராசரி நீரோட்டம், குழாய்க்கு எடுக்கும் உச்ச அளவு, ஆற்றுக்கு விட உறுதி தரும் குறைந்தபட்ச அளவு. உதாரணத்துக்குச் சராசரி வினாடிக்கு 8 கனமீட்டர், எடுப்பு 6, விடுவது 0.8 என்று வைத்துக்கொள்வோம். கேட்க, "சராசரி 8, எடுப்பது 6, மிச்சம் 2" என்று தோன்றும். அப்படி இல்லை. ஆற்றில் 6.8 கனமீட்டருக்குக் கீழே ஓடும் ஒவ்வொரு நாளும் 0.8 தவிர மற்றதெல்லாம் குழாய்க்குள் போய்விடும். சராசரியை உயர்த்துவது சில வெள்ள நாட்கள். ஆண்டில் பாதிக்கு மேல் ஆறு சராசரிக்குக் கீழேதான் ஓடும். ஆகவே அந்த 0.8 என்பது வறட்சி மாத அளவு மட்டும் அல்ல, ஆண்டில் பல மாதங்களுக்கான அளவு. நாள்வாரி நீரோட்டப் பட்டியலைக் கேட்டு வாங்கி, 6.8க்குக் கீழே எத்தனை நாள் என்று எண்ணி எழுதுங்கள். மனுவில் வைக்க இதைவிட வலுவான எண் கிடையாது.

சராசரியில் 10 விழுக்காடு விட்டால் போதும் என்ற வாதம் 1976இல் அமெரிக்காவில் வந்த டென்னன்ட் முறையிலிருந்து வருவது. அந்த முறையே 10 விழுக்காட்டைக் குறுகிய காலத்துக்கு உயிர் பிழைக்கும் அளவு என்றுதான் சொல்கிறது. நல்ல வாழிடத்துக்கு 30 விழுக்காடு அளவில் வைக்கிறது. அதுவும் மொன்டானா, வயோமிங், நெப்ராஸ்கா ஆறுகளைப் பார்த்து எழுதியது. யாராவது பத்து விழுக்காட்டைக் காட்டினால், எவ்வளவு காலத்துக்கு என்று கேளுங்கள்.

விழுக்காட்டை விட ஆழம் உண்மையைச் சொல்லும். நீர் குறைந்த நாளில் அந்த ஆற்றுத் துண்டில் நடந்து, மிக ஆழமற்ற ஐந்து இடங்களைப் பிடியுங்கள். 50 செ.மீ கெலாவின் உடல் உயரம் ஏறத்தாழ 12 செ.மீ, அது உரசாமல் கடக்க அதைப் போல் இருமடங்கு, அதாவது 25 செ.மீ ஆழமாவது ஆற்றின் ஓர் ஓரத்தில் தொடர்ச்சியாக வேண்டும். இல்லாத இடம் ஒன்று இருந்தாலும் போதும், வழி மூடியது.

அன்றைய நீரோட்டத்தையும் கூடவே அளந்துவிடுங்கள். நேராக ஓடும் 20 மீட்டர் துண்டு, முக்கால்வாசி தண்ணீர் நிரப்பிய பாட்டில் (காலிப் பாட்டிலைக் காற்று தள்ளும்), ஐந்து முறை விட்டு நேரத்தின் சராசரி. 25 வினாடி என்றால் மேற்பரப்பு வேகம் 0.8 மீட்டர். அடியில் வேகம் குறைவு என்பதால் 0.85ஆல் பெருக்குங்கள்: 0.68. பெரிய பாறை நிறைந்த படுகையில் 0.7ஆல் பெருக்குவது நல்லது. குறுக்கே அரை மீட்டருக்கு ஒரு தடவை ஆழம் அளந்து பரப்பு காணுங்கள். அகலம் 9 மீட்டர், சராசரி ஆழம் 0.4 என்றால் 3.6 சதுரமீட்டர், நீரோட்டம் ஏறத்தாழ 2.4 கனமீட்டர். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் அளவு நிலையம் அருகில் இருந்தால் அன்றைய நீர்மட்டத்தோடு ஒப்பிடுங்கள். மலையில் மத்தியானம் மழை பெய்த நாளின் மாலை அளவு எதற்கும் உதவாது.

நீர் எடுக்கும் வாயும் கம்பித் தடுப்பும்

கீழ்நோக்கி வரும் மீன் குழாய்க்குள் போகிறதா இல்லையா என்பதை இரண்டு அளவுகள் தீர்மானிக்கின்றன: கம்பிகளுக்கு இடையிலான இடைவெளி, தடுப்பை நெருங்கும் நீரின் வேகம்.

கெண்டை வகை மீன்களில் உடல் தடிமன் நீளத்தில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். 40 மி.மீ இடைவெளிக் கம்பி வழியே ஏறத்தாழ 40 செ.மீ வரை மீன் நுழையும், 20 மி.மீ என்றால் 20 செ.மீ, 10 மி.மீ என்றால் 10 செ.மீ. பாவுங்கின் தலை அகலமானது, விலாங்கு மிக மெல்லியது. அவற்றுக்கு இந்த விகிதம் பொருந்தாது. காலைச் சந்தையில் மீன்காரரிடம் கேட்டு, வெர்னியரால் இருபது முப்பது மீனை நீளமும் தடிமனும் அளந்தால் உங்கள் ஆற்றுக்கே உரிய விகிதம் கிடைத்துவிடும். செலவில்லாத வேலை, ஆனால் அறிக்கைகளில் காணக் கிடைக்காத அட்டவணை.

வேகத்துக்கு: எடுப்பைத் தடுப்பின் பரப்பால் வகுக்கவும். 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம், 6 கனமீட்டர் எடுப்பு என்றால் வினாடிக்கு 1 மீட்டர். மீன் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் வேகம் தன் நீளத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு; 15 செ.மீ மீனுக்கு அரை மீட்டருக்கும் குறைவு. அது கம்பியில் ஒட்டிக்கொண்டு சாகும். பொதுவாக 0.5 மீட்டருக்குக் கீழே வைக்கச் சொல்வதற்கு இதுவே காரணம். இந்த உதாரணத்தில் தடுப்பின் பரப்பை 12 சதுரமீட்டராக இரட்டிப்பாக்க வேண்டும். கணக்கு சுத்தமான கம்பிக்கு. செம்பனை மட்டையும் பிளாஸ்டிக்கும் பாதியை அடைத்தால் மீதிப் பாதியில் வேகம் இரட்டிக்கும். யார், எத்தனை மணிக்கு ஒரு முறை துப்புரவு செய்வார்கள் என்பது அறிக்கையில் இருக்க வேண்டும்.

நல்ல தடுப்பு நீரோட்டத்துக்குச் செங்குத்தாக நிற்காது. சாய்த்தோ கோணமாகவோ வைத்து, அதன் முடிவில் மீன் இறங்கிப் போகத் தனி வாய்க்கால் விட்டிருப்பார்கள். அந்த வாய்க்கால் இல்லாத நெருக்கமான கம்பி, மீனைக் காப்பாற்றாது. சாகும் இடத்தை மட்டும் மாற்றும்.

மலைத் திட்டங்களில் படுகையின் மேலேயே கம்பி விரித்து நீரை அடியில் விழவைக்கும் வகையும் உண்டு. அதில் வறண்ட நாளில் ஆறு முழுதும் கம்பிக்குள் இறங்கும். சிறு மீனும் கூடவே மணல் படியும் தொட்டிக்குள் விழும். தொட்டியிலிருந்து ஆற்றுக்குத் திரும்பும் வழி வரைபடத்தில் இருக்கிறதா பாருங்கள்.

டர்பைன் கணக்கு

முதலில் வகை. உயரமான மலையிலிருந்து நீரை இறக்கும் பெல்டன் வகையில், கேமரன் மலையின் சுல்தான் யூசுப் மின்நிலையத்தில் இருப்பது போன்றவற்றில், உள்ளே போன மீன் பிழைக்காது. கணக்கே தேவையில்லை, தடுப்புதான் எல்லாம். குறுக்கோட்ட வகையும் ஏறக்குறைய அப்படித்தான். வேகமாகச் சுற்றும் சிறிய பிரான்சிஸில் சாவு அதிகம். விசிறி போன்ற இறக்கைகளோடு பெரிதாக, மெதுவாகச் சுற்றும் காப்லானில் குறைவு. ஆர்க்கிமிடீஸ் திருகு எல்லாவற்றிலும் சாது, ஆனால் அது சில மீட்டர் உயரத்துக்கு மட்டும்.

காப்லானுக்கு வான் ராபன் என்ற ஆய்வாளர் 1957இல் தந்த வழி இன்றும் கைகொடுக்கும். ஓர் இறக்கை கடந்து அடுத்த இறக்கை வருவதற்குள் நீர் எவ்வளவு தூரம் நகர்கிறது என்று பார்ப்பதுதான் அதன் சாரம். விட்டம் 1.6 மீட்டர், நடுக்குமிழ் 0.64 மீட்டர், நீர் 10 கனமீட்டர் என்றால் நீர் போகும் பரப்பு 1.69 சதுரமீட்டர், வேகம் ஏறத்தாழ 6 மீட்டர். 4 இறக்கை, நிமிடத்துக்கு 250 சுற்று. 6ஐ 60ஆல் பெருக்கி, 4 × 250ஆல் வகுத்தால் 0.36 மீட்டர். நீர் இறக்கையை அணுகும் கோணத்தை விட்டுவிட்டு மோசமான நிலையை எடுத்தால், 36 செ.மீ மீன் கட்டாயம் அடிபடும், 18 செ.மீ மீனுக்குப் பாதி வாய்ப்பு, 9 செ.மீக்குக் கால்வாசி. அடிபட்டதெல்லாம் சாவதில்லை, வான் ராபன் தம் அளவீடுகளோடு பொருத்தி 0.43ஆல் பெருக்கினார். அப்படியானால் 43, 21, 11 விழுக்காடு.

அறிக்கைகள் இங்கே செய்யும் வழக்கமான தவறு, முழுச் சுமைக்கு மட்டும் கணக்குப் போடுவது. நீர் பாதியாகக் குறைந்த மாதத்தில் சுற்று வேகம் அதே 250. நீரின் வேகமோ 3 மீட்டர். இடைத்தூரம் 18 செ.மீ ஆகிவிடும். முன்பு பாதி வாய்ப்போடு தப்பிய 18 செ.மீ மீன் இப்போது கட்டாயம் அடிபடுகிறது. இறக்கை தவிர அழுத்தமும் உண்டு: டர்பைன் பின்புறம் அழுத்தம் திடீரென்று பாதியானால் மீனின் காற்றுப்பை இரட்டிப்பாக வீங்கும். கெண்டை, கெளுத்தி இனங்கள் வாய்வழியே கொஞ்சம் காற்றை விட்டுத் தப்பும். திலாப்பியா போன்றவற்றுக்கு அந்த வசதி இல்லை.

ஒரே ஆற்றில் நிலையங்கள் தொடர்ந்து வந்தால் பிழைப்பு விகிதங்களைப் பெருக்குங்கள். நான்கு நிலையம், ஒவ்வொன்றிலும் 90 விழுக்காடு பிழைத்தால், கடைசியில் மிஞ்சுவது 66. தனித்தனி அறிக்கைகள் இதைச் சொல்லவே சொல்லா.

மேலேறும் வழி

மீன் ஏணி வைப்பதாக எழுதியிருந்தால் படியின் உயரத்தைக் கேளுங்கள். 30 செ.மீ படியில் நீர் வினாடிக்கு 2.4 மீட்டர் வேகத்தில் விழும்; மீனின் பாய்ச்சல் வேகம் நீளத்தைப் போல் பத்து மடங்கு என்று வைத்தால் 24 செ.மீக்குக் குறைந்த மீன் ஏறாது. 15 செ.மீ படி என்றால் 1.7 மீட்டர், 17 செ.மீ மீன் ஏறும். 4 மீட்டர் தடுப்பணைக்கு அப்படி 27 படி வேண்டும், ஆகவே நீளமும் செலவும் கூடும், ஆகவே படியை உயர்த்திவிடுவார்கள். அடியில் கரடுமுரடான கல் பதித்தால் கல்லடி மீன்களும் ஊர்ந்து ஏறும்.

வாசல் தவறான இடத்தில் இருப்பதே ஏணிகள் தோற்பதற்கு முதல் காரணம். மீன் வலுவான நீரை நோக்கிப் போகும். மின்நிலையத்தின் வெளியேற்று வாய் இரைந்துகொண்டிருக்க, ஆற்றில் 0.8 கனமீட்டர் சலசலத்தால், மீன் வெளியேற்று வாயிலேயே நின்று காலத்தை ஓட்டும். அங்கே தடுப்பு வைத்து, ஆற்றுக்கு விடும் நீரை ஏணி வழியாகவே விட்டால் ஓரளவு சரியாகும்.

மட்டம் ஏறி இறங்குவது

மின்கட்டமைப்பில் கோளாறு வந்து டர்பைன் சட்டென்று நின்றால் என்ன ஆகும் என்று பெரும்பாலோர் கேட்பதில்லை. மின்நிலையத்துக்குக் கீழே நீர் நின்றுவிடும். தடுப்பணையில் வழியத் தொடங்கிய நீர் 3 கிலோமீட்டர் கடந்து வர, வினாடிக்கு ஒரு மீட்டர் வைத்தால் 50 நிமிடம். அதற்குள் ஓரக் குட்டைகளில் குஞ்சுகள் கரையேறிக் காய்ந்துவிடும். டர்பைன் நின்றாலும் நீரைத் தொடர்ந்து விடும் மாற்று வால்வு இருக்கிறதா என்று ஒரே வரியில் கேட்கலாம். நார்வேயில் டிரவுட் மீன் குஞ்சுகளை வைத்துச் செய்த ஆய்வுகள் மட்டத்தை மணிக்கு 10 செ.மீக்கு மேல் இறக்காமல் இருப்பது நல்லது என்று காட்டின. பேச்சைத் தொடங்க அந்த எண் போதும். பாலத்தடித் தூணில் சென்டிமீட்டர் கோடு வரைந்து, கைப்பேசியில் பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்க வைத்தால் ஏற்ற இறக்கம் தெரிந்துவிடும்.

சேறு கழுவும் மதகைத் திறக்கும் நாளும் முக்கியம். வறண்ட நாளில் திறந்தால் சேறு கீழேயுள்ள சரளைக்கற்களின் இடுக்கை அடைத்து முட்டைகளை மூச்சுமுட்டச் செய்யும். வெள்ள நாளில் மட்டும் திறப்போம் என்ற உறுதி எழுத்தில் வேண்டும்.

ஒன்றாக வைத்துப் பார்ப்பது

ஓர் அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் மீன்கள், மேலே ஐந்து தொல்லைகள்: நீர் குறைவு, ஏறும் தடை, குழாய்க்குள் இழுபடுதல், டர்பைன் சாவு, மட்ட ஏற்றஇறக்கம். ஒவ்வொரு கட்டத்திலும் 0 (பாதிப்பு இல்லை) முதல் 3 (மிக மோசம்) வரை ஓர் எண். பிறகு சராசரி எடுக்காதீர்கள். சராசரி போட்டால் கெலாவுக்கு விழுந்த 3, செலுவாங்கின் 0களுக்குள் காணாமல் போகும். ஒவ்வொரு மீனுக்கும் மிக உயர்ந்த கட்டத்தைப் பாருங்கள். அந்தக் கட்டத்துக்கு அறிக்கையில் என்ன பரிகாரம் இருக்கிறது என்று பக்க எண்ணோடு எதிரே எழுதுங்கள். எண் போட்ட காரணமும் ஒரு வரி இருக்கட்டும், இல்லையென்றால் அது வெறும் கருத்தாகிவிடும்.

நிலையம் வந்த பிறகு மீன் குறைந்தால், குற்றம் அதனுடையதுதானா என்று காட்ட முன்னளவு வேண்டும். தடுப்பணைக்கு மேலே ஓர் இடம், இடைப்பட்ட துண்டில் ஓர் இடம், மின்நிலையத்துக்குக் கீழே ஓர் இடம், திட்டமே இல்லாத பக்கத்துக் கிளையாற்றில் ஓர் இடம் என்று நான்கு இடங்களில், கட்டுமானத்துக்கு முன்பே தொடங்கி ஒரே முறையில் அளந்துவாருங்கள். தோட்டப்புற ஆற்றில் செம்பனை ஆலைக் கழிவும், உரமும், மேலே மரம் வெட்டும் சேறும் கூடவே வரும். கரைந்த ஆக்சிஜனை விடியற்காலையில் அளக்கவும். அதுதான் மிகக் குறைவான நேரம். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் என்றால் நல்லது, 3க்குக் கீழே போனால் மீன் திணறும். பக்கத்துக் கிளையிலும் அதே வீழ்ச்சி தெரிந்தால் காரணம் மின்நிலையம் அல்ல, ஆலையையோ மேல் காட்டையோ பார்க்க வேண்டும்.

2015ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு ஆணையின் இரண்டாம் அட்டவணையில் வரும் திட்டங்களின் அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். சுற்றுச்சூழல் துறைக்கு எழுத்தில் கருத்து அனுப்பலாம். "மீன்கள் அழியும்" என்று எழுதினால் ஒரு வரிப் பதில் வரும். "பக்கம் இத்தனையில் கம்பி இடைவெளி 40 மி.மீ, சந்தையில் நாங்கள் அளந்த தெங்காஸில் பெரும்பாலானவை அதற்குள் நுழையும், 15 மி.மீக்குக் குறைக்க முடியுமா, முடியாதென்றால் ஏன்" என்று எழுதினால் பொறியாளர் ஒருவர் உட்கார்ந்து பதில் சொல்லியாக வேண்டும். வரைபடத்தின் நகலையும் நாள்வாரி நீரோட்டப் பட்டியலையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.